சர்வே எண் 212: ஆள் இல்லை

டமாரென்று ஒரு சத்தம். கண்மாயில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழும்பின. பொன்கனியின் கையிலிருந்த அளவு நாடா சர்ரென்று தானாகச் சுருண்டு அவள் விரலைக் கடித்தது.

பொன்கனி அந்தக் குறுவட்டத்தின் நில அளவர். ஊருக்கு 'சர்வேயரம்மா'. அன்று மதியம் பெருமாள்சாமி, குருசாமி என்ற அண்ணன் தம்பிக்கு நடுவே அரை அடி நிலம் யாருடையது என்று பார்க்க வந்திருந்தாள். அண்ணனும் தம்பியும் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இப்போது இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"டிரான்ஸ்பார்மரா?"

டிரான்ஸ்பார்மர் இல்லை. கண்மாய்க் கரை மேல் ஒரு நிலைக்கதவு நின்றுகொண்டிருந்தது. சுவர் இல்லை, வீடு இல்லை, வெறும் நிலையும் கதவும். கதவு திறந்தது. உள்ளேயிருந்து கறுப்புக் குடை பிடித்த ஒரு மனிதர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பின்னால் இரண்டு தடித்த ஆட்கள் தோளில் கம்பு போட்டு, நான்கு கருங்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரும் வெளியே வந்ததும் குடைக்காரர் திரும்பிக் கதவை ஒழுங்காகச் சாத்தினார்.

"பயப்படாதீங்க. சும்மா அளக்கத்தான் வந்திருக்கோம்."

தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில், அதுவும் தன் குறுவட்டத்தில், தனக்குத் தெரியாமல் ஒருத்தர் அளக்க வந்திருப்பது பொன்கனிக்குப் பிடிக்கவில்லை.

"எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ் இல்லம்மா, வாரியம். குடியேற்ற வாரியம். பக்கத்துப் பூமி. என் பேர் வேள்நம்பி."

"பக்கத்துப் பூமின்னா யாரோடது?" என்றார் அண்ணன் பெருமாள்சாமி. "கிழக்க எனக்கு, மேற்க இவனுக்கு. நடுவுல வாரியம் எங்கன இருந்து வந்துச்சு?"

"அந்தப் பூமி இல்லைங்க. உலகம். இதே மாதிரி இன்னொண்ணு. சீப்புல வாழைப்பழம் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குமே, அப்படி. பழத்துக்குப் பழம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறதுக்குத்தான் இந்தக் கதவு. புதுக் கதவு மேற்க பாத்து மட்டும்தான் வைக்க முடியும். ஏன்னு கண்டுபிடிச்சவங்களுக்கே தெரியல. மேற்க மேற்க வந்துட்டே இருக்கோம். உங்களோடது பத்தாவது."

பொன்கனி தாசில்தாருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட தாசில்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மனு குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நமக்கு வராத கேஸ். மேல கேட்டுட்டுச் சொல்றேன். எதையும் எழுதிக் குடுத்துராதீங்க."

கதவைத் தள்ளிப் பார்க்கப் போன குருசாமி, அது கரையில் வேரோடியதுபோல அசையாமல் நிற்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லோரும் கண்மாய் முக்கு டீக்கடைக்குப் போனார்கள்.

வேள்நம்பி டீயை மூன்று மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆறாம் பூமியில ஏலக்காய் போடுவாங்க. எட்டாம் பூமியில டீயே கிடையாது, பாவம். இது நல்லாருக்கு." பிறகு பொன்கனியின் பையைப் பார்த்தார். "சங்கிலி வச்சிருக்கீங்களா?"

"இப்பல்லாம் மிஷின்தான். சங்கிலி ஆபீஸ் பரண்ல கிடக்கு."

"அறுபத்தாறு அடி?"

"அறுபத்தாறு அடி. நூறு லிங்க்."

"எங்கே போனாலும் அதே சங்கிலி." அவர் சிரித்தார். "அமெரிக்காவை அளந்ததும் அதுலதான், தெரியுமா? இந்த வேலையை வாரியம் கத்துக்கிட்டதே அமெரிக்காகிட்டதான். எங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தி, "வாரியத்தோட முதல் பூமியில அமெரிக்கான்னு ஒரு கண்டமே கிடையாது. அந்த இடத்துல கடல். ரெண்டாம் பூமிக்குப் போனப்ப ஒரு நூலகத்துல அமெரிக்கச் சரித்திரம் கிடைச்சது. வாரியத்துல எல்லாரும் ராப்பகலா படிச்சாங்க. கிழக்க கடலோரமா பதிமூணு மாகாணம். மேற்க கண்ணுக்கெட்டின தூரம் காடு, புல், ஆறு. வரைபடத்துல அந்த இடத்தை வெள்ளையா விட்டிருக்காங்க."

"அங்க ஆள் இருந்தாங்கல்ல?" என்றாள் பொன்கனி.

"இருந்தாங்க. படத்துல இல்ல."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் ஒரு நிமிஷம் ஆற்றுவதை நிறுத்தினார்.

"முதல்ல போனது பட்டாளம் இல்லம்மா, நம்ம ஆளுங்க. சங்கிலி பிடிக்கிறவங்க. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம். அதை முப்பத்தாறாப் பிரி. ஒண்ணொண்ணும் அறுநூத்து நாப்பது ஏக்கர். பதினாறாவது துண்டு பள்ளிக்கூடத்துக்கு. மலை வந்தாலும் சரி, ஆறு வந்தாலும் சரி, கோடு நேராத்தான் போகும். எவ்வளவு சுத்தமான வேலை பாருங்க."

"யாருக்குச் சுத்தம்?"

வேள்நம்பி வேறு கதை சொன்னார். "குடியேறினவன் நிலத்துல வீடு கட்டியிருக்கணும், பன்னெண்டுக்குப் பதினாலு வீடுன்னு ஒரு விதி. அடியான்னு அங்குலமான்னு போட மறந்துட்டாங்க. ஒருத்தன் பன்னெண்டுக்குப் பதினாலு அங்குலத்துல பொம்மை வீடு செஞ்சு, நிலத்துல வச்சுட்டு, வீடு கட்டியாச்சுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டான்."

"நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும்," என்றார் குருசாமி. பெருமாள்சாமி சிரித்தார். எட்டு வருஷத்தில் தம்பி சொன்னதற்கு அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

பொன்கனிக்கும் கொஞ்சம் இளகிவிட்டது. அந்த வாரம் அவளுக்கு நல்ல வாரம். துணை ஆய்வாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது. வெள்ளிக்கிழமை ஆர்டர் வரும், நாகர்கோவிலுக்கு. அங்கே அவள் கணவனும், பத்தாவது படிக்கும் மகளும் இருக்கிறார்கள். ஆறு வருஷமாகச் சனிக்கிழமை பஸ்ஸில் போய் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும் அம்மா அவள். மகள் உயரமானதைக்கூடத் தவணை முறையில்தான் பார்த்தாள்.

வேள்நம்பி, "உங்க பதிவேட்டைப் பார்க்கலாமா? தொழில் ஆசைதான்," என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. ஒரு சர்வேயர் இன்னொரு சர்வேயரிடம் பதிவேட்டைக் காட்டுவது, ஒரு வீட்டுக்காரி இன்னொரு வீட்டுக்காரியை அடுப்படிக்குள் விடுவது மாதிரி. பையைத் திறந்து நிலப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "முத்து முத்தா இருக்கு கையெழுத்து. ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தல் இல்ல."

"பன்னெண்டு வருஷ சர்வீஸ்," என்றாள் பொன்கனி அடக்கமாக.

"இது அருமை." அவர் விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு தன் ஆட்களில் ஒருவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கற்களில் ஒன்றைத் தூக்கி வந்து பெஞ்சின் பக்கத்தில் நிறுத்தினான். முழங்கை உயரக் கல். உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி. வேள்நம்பி முதலில் அண்ணன் தம்பி நிலத்தின் பக்கத்தைத் திறந்து கண்ணாடியின் மேல் காட்டினார். கல்லுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆள் இருக்கிற நிலம். இதை வாரியம் தொடாது. நாங்க திருடங்க இல்லம்மா. ஒரு பூமியோட சொந்தப் பதிவேட்டுலயே காலின்னு எழுதியிருக்கிற இடத்தைத்தான் எடுப்போம். அந்த விதியைக் கல்லுக்குள்ளயே வச்சிருக்கு. பதிவேடு ஒத்துக்காம கல் வேலை செய்யாது."

பிறகு வேறு பக்கத்தைக் காட்டினார். பச்சை.

பொன்கனி எட்டிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். சர்வே எண் 212. பதினோரு ஏக்கர். 'தரிசு. குடியிருப்பு ஏதும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லை. நேரில் பார்வையிடப்பட்டது.' கீழே அவள் கையொப்பம், நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சித்திரை மாதம். அனல். 212 இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், வண்டி போகாது. அன்று மாலைக்குள் நாற்பது எண்கள் முடித்தாக வேண்டும். இந்த டீக்கடையில், இதே பெஞ்சில் உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு டீ குடித்துக்கொண்டு எழுதினாள்.

"அங்க..." என்றார் டீக்கடைக்காரர். அவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அங்க கரி மூட்டம் போடுறவுக பதினாலு வீடு இருக்குல்லா," என்று முடித்து வைத்தார் குருசாமி. அவருக்கு எதையும் முடித்து வைக்காமல் இருக்கத் தெரியாது.

* * *

212-இல் உடைமரம் அடர்ந்து நின்றது. நடுவே வெட்டவெளி. விறகை அடுக்கி மண் பூசிய கரிமூட்டங்கள் நான்கைந்து மெல்லப் புகைந்துகொண்டிருந்தன. அதைச் சுற்றிப் பதினான்கு ஓலை வீடுகள். முதல் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். கை, முகம், சேலை எல்லாம் கரி. மாரித்தங்கம். பொன்கனி அவளைப் பலமுறை பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். பேசியதில்லை.

வேள்நம்பி குடையை மடக்கி வணங்கினார். ஊரே அவர் பின்னால் வந்திருந்தது. அவருடைய ஆட்கள் மளமளவென்று மூன்று மூலைகளில் மூன்று கற்களை நட்டார்கள். மூன்றும் பச்சை.

"நாலாவது கல்லையும் நட்டதும் சதுரம் கட்டிரும்," என்று அவர் பொதுவாக விளக்கினார். "உள்ள இருக்கிற நிலம் வாரியத்துக்கு. உள்ள இருக்கிற ஆட்கள் அப்படியே அடுத்த பூமிக்குப் போயிருவாங்க, பதினோராம் பூமி. நோகாது. லிஃப்ட்ல போற மாதிரி ஒரு நிமிஷம் வயிறு கூசும். அங்க ஒரு குடும்பத்துக்கு நாப்பது ஏக்கர், எழுத்து மூலமா. புல் முளைக்கிற வரைக்கும், ஓடையில தண்ணி ஓடுற வரைக்கும் உங்களோடது. இந்த வாசகமும் அமெரிக்காதான்."

மாரித்தங்கம் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள்.

"எங்க ஓடையில வருசத்துல பத்து நாளு தண்ணி ஓடும். அப்ப பத்து நாளுதான் எங்களுதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேள்நம்பியும் சிரித்தார்.

"நாப்பது ஏக்கராம்லா," என்றார் பெருமாள்சாமி தம்பியின் காதில். எட்டு வருஷத்துக்குப் பிறகு நேரடிப் பேச்சு. "ஏல, நாமளும் 212-லதான் குடியிருக்கோம்னு எழுதச் சொல்லுவமா?"

"சத்தம் போடாத. நமக்குச் சிவப்புல்லா எரிஞ்சுச்சு."

"அங்க எப்படி இருக்கும்யா?" என்றாள் மாரித்தங்கம். அவளுக்குப் பின்னால் நின்ற ஆண்களில் சிலர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது முகத்தில் தெரிந்தது. நாற்பது ஏக்கர் என்பது அவர்களில் யாரும் முழுதாக நடந்து பார்த்திராத தூரம்.

"இதே மாதிரிதான். இதே கண்மாய், இதே மண். ஆனா காலி."

"காலின்னு யாரு சொன்னா?"

"முன்னாடியே ஆள் அனுப்பிப் பார்த்தாச்சு, அந்தப் பூமியோட பதிவேட்டுல இருக்கும்மா. அங்கத்துச் சர்வேயர் நேர்ல பார்த்து எழுதியிருக்கார்."

கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் நிறுத்திவிட்டார்கள். ஊர் முழுவதும் மெல்லத் திரும்பிப் பொன்கனியைப் பார்த்தது.

"அப்ப எங்களையும் அப்படித்தான் எழுதியிருக்கு?" என்றாள் மாரித்தங்கம்.

பொன்கனி பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அது வந்து, பழைய பதிவு..."

"எம் மவ இங்கனதான் பொறந்தா. அவளுக்கு இருவத்திரெண்டு. நாலு வருசத்துக்கு முந்தி நாங்க என்ன, ஆவியாவா அலைஞ்சோம்? ஏட்டுல ஆளில்லன்னா, ஓட்டுக் கேட்டு வந்தவன் எல்லாம் யாரப் பாத்துக் கும்பிட்டான், உடைமரத்தையா?" குரல் உயரவில்லை. சாக்கு தைப்பது மாதிரி நிதானமாகக் குத்தினாள். குருசாமி வந்ததுமே அவளிடம் பொம்மை வீட்டுக் கதையையும் சொல்லிவிட்டிருந்தார் போல. "அமெரிக்காவுல உள்ளங்கை வீட்டை வீடுன்னு எழுதினானாம். நீங்க குடியிருக்க வீட்டை இல்லன்னு எழுதியிருக்கீக. அவனே தேவல, சர்வேயரம்மா. அவன் குனிஞ்சாவது பாத்திருப்பான்."

நான்காவது கல் பச்சை விளக்கோடு மாரித்தங்கத்தின் வாசலுக்கு நேரே வந்து நின்றது. குழி தோண்டியாகிவிட்டது. நாலரை மணிக்குக் கதவு சாத்திக்கொள்ளும் என்று வேள்நம்பி சொல்லியிருந்தார். மணி மூன்றே கால்.

பொன்கனிக்குத் தெரிந்த சண்டை ஒன்றுதான். அதை ஆரம்பித்தாள்.

"அடுத்த நிலத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?"

வேள்நம்பி பையிலிருந்து நோட்டீஸை எடுத்துக் காட்டினார். மூன்று பிரதி.

"தண்டோரா?"

இரண்டாவது ஆள் இடுப்பிலிருந்து சின்னப் பறையை எடுத்து நான்கு தட்டுத் தட்டி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி சொருகிக்கொண்டான்.

"ஆட்சேபனைக்கு முப்பது நாள் டைம் இருக்கணும்."

"காலி இடத்துல ஆட்சேபனை பண்ண ஆள் ஏதும்மா?" என்றார் வேள்நம்பி வருத்தமாக. "உங்க சட்டத்தைத்தான் சொல்றேன்."

அவள் பேனாவை எடுத்தாள். 212-க்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் வேகமாக எழுதினாள்: 'மேற்படி அளவைக்குப் பின் பதினான்கு வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டுள்ளன.' கையெழுத்து, தேதி. பக்கத்தைக் கொண்டுபோய் நான்காவது கல்லின் மேல் வைத்தாள்.

பச்சை அப்படியே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது.

"அளவைக்குப் பின்னாடி வந்தவங்கன்னா ஆக்கிரமிப்பு," என்றார் வேள்நம்பி. "ஆக்கிரமிப்புக்கு உரிமை இல்ல. உங்க பூமியிலயும் அப்படித்தானே?"

"புதுசா?" என்றாள் மாரித்தங்கம், பதிவேட்டை எட்டிப் பார்த்தபடி. "இப்ப புதுசு ஆயிட்டமா? நடத்துங்க."

வேள்நம்பி குடையை விரித்து நிழலில் நின்றுகொண்டார். எங்கோ பார்த்துக்கொண்டு, பேச்சுவாக்கில் சொல்வது மாதிரி சொன்னார். "விதிப் புத்தகத்துல பதினோராவது விதின்னு ஒண்ணு இருக்கு. யாரும் படிக்கிறதில்ல, கடைசிப் பக்கம். முதல் பதிவே பொய்னு, அதை எழுதின அளவரே அதே பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டா கல் ஏத்துக்கும். வேற யார் எழுதினாலும் ஏத்துக்காது. அடிச்சுத் திருத்தினாலும் ஏத்துக்காது." பிறகு, அதே குரலில், "இன்னொண்ணும் சொல்லணும். வாரியத்துல அளவர்களுக்கு எப்பவும் இடம் இருக்கு. உங்களை மாதிரி கையெழுத்து இருக்கிறவங்களுக்குத் தலைமை அளவர் பதவி. குடும்பத்தோட வரலாம். மக ஒரே வீட்டுல இருந்து படிப்பா."

"எம் மகளைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?"

"டீக்கடையில."

பொன்கனி பதிவேட்டைப் பார்த்தாள். 'நேரில் பார்வையிடப்பட்டது' என்ற இரண்டு வார்த்தைகளையும் பார்த்தாள். அதைப் பொய் என்று எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். ஒழுங்கு நடவடிக்கைக்குப் பதினேழு பி நோட்டீஸ். விளக்கம் கேட்பார்கள். விசாரணை. பட்டியலில் மூன்றாவது பெயரை அடித்துவிட்டு நான்காவது பெயரை மேலே ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமை ஆர்டர் வேறு யாருக்கோ போகும். அவளுக்குச் சனிக்கிழமை பஸ்தான்.

மகளுக்குப் போன் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னம்மா, கிளாஸ்ல இருக்கேன்."

"ஏட்டி, நான் ஒரு இடத்துக்குப் போகாமலே போனேன்னு எழுதிட்டேன்."

"ஹோம்வொர்க்கா?"

"அந்த மாதிரிதான்."

"டீச்சர் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்ல. நானாத்தான் சொல்லணும்."

"கண்டுபிடிக்கலன்னா எதுக்கும்மா சொல்லணும்? வையி, சார் பாக்காரு."

பொன்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மகள்தான், சந்தேகமில்லை. போனைப் பையில் போட்டாள். செருப்பை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

முதலில் மாரித்தங்கத்தின் வீட்டுக்குள் குனிந்து போனாள். வெளியே வந்து, "நாலு பேரா?" என்று கேட்டாள். "அஞ்சு. வயித்துல ஒண்ணு இருக்கு, எம் மவளுக்கு," என்றாள் மாரித்தங்கம். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பதினான்கு வீட்டுக்கும் போனாள். மூட்டங்களை எண்ணினாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்று ஆடுகளும் ஒரு கிழட்டு நாயும் குறிக்கப்படவில்லை என்று ஒருத்தர் சொன்னபோது, அவற்றுக்குக் கட்டம் இல்லை என்று விளக்கினாள். ஊர் பின்னாலேயே போனது. பெருமாள்சாமி நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், குருசாமி மறு முனையை. நான்கு வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதுதான் அவளுக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

மணி மூன்று ஐம்பது. மாரித்தங்கம் கொடுத்த கரிச் சாக்கின் மேல் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதினாள்.

'சர்வே எண் 212 குறித்த முந்தைய பதிவு உண்மையல்ல. இடத்தைப் பார்வையிடாமல், கண்மாய் முக்கு டீக்கடையில் அமர்ந்து என்னால் எழுதப்பட்டது. இன்று நேரில் பார்வையிட்டேன். பதினான்கு வீடுகள், அறுபத்து மூன்று பேர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பு. பொன்கனி, நில அளவர்.'

கைரேகைக் கரி அந்தப் பக்கத்தில் நன்றாகப் பதிந்தது. பன்னிரண்டு வருஷப் பதிவேட்டில் முதல் அழுக்கு.

கல்லின் மேல் வைத்தாள். பச்சை ஒரு முறை துடித்தது. பிறகு அணைந்தது. பிறகு சிவப்பு. மூலையில் இருந்த மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இரண்டு தடியர்களும் கற்களைப் பிடுங்கிக் கம்பில் கட்ட ஆரம்பித்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள் மாரித்தங்கம்.

"அவ்வளவுதான்க்கா."

"இதுக்கா நாலு வருசம்?" என்றவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பொன்கனியிடம் நீட்டினாள். மன்னித்துவிட்ட மாதிரித் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

போன் அடித்தது. தாசில்தார். "மேல கேட்டுட்டேன். வேற பூமிக்காரங்களுக்கு என்ன ஃபாரம்னு சென்னையிலயே தெரியலயாம். நீங்க எதுவும் எழுதிக் குடுக்கலைல?"

"எழுதிட்டேன் சார். நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்."

* * *

கண்மாய்க் கரை வரைக்கும் அவள் வேள்நம்பியோடு நடந்தாள். தடியர்கள் கற்களோடு முன்னால் போய்க் கதவுக்குள் மறைந்துவிட்டார்கள். மணி நாலரையாக மூன்று நிமிஷம்.

"இனிமே எங்க பூமிக்கு வர மாட்டீங்களா?"

"வாரியம் வேற இடத்துல கதவு வைக்கும். வேற பதிவேடு இருக்கும். வேற டீக்கடை இருக்கும்." அவர் கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொக்குகள் திரும்ப வந்து இறங்கிக்கொண்டிருந்தன. "எங்க ஊர்லயும் இதே கண்மாய் இருந்துச்சு. மதகு மட்டும் அந்தப் பக்கம்."

"இருந்துச்சா? முதல் பூமியிலயா?"

"நான் முதல் பூமிக்காரன் இல்லம்மா. ரெண்டாம் பூமி."

பொன்கனிக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கதவு முதலில் திறந்தது இரண்டாம் பூமிக்குத்தான்.

"அப்ப அவங்ககிட்ட நீங்க..." என்று தொடங்கி, வேறு கேள்வி கேட்டாள். "அந்தப் பதினோராவது விதியை நீங்க எனக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம். எதுக்குச் சொன்னீங்க?"

"எல்லாருக்கும்தான் சொல்வேன். இதுக்கு முன்னாடி ஏழு பூமியில ஏழு சர்வேயர்கிட்டச் சொல்லியிருக்கேன்."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"ஏழு பேரும் இப்ப வாரியத்துல நல்ல வேலையில இருக்காங்க."

அவர் குடையை மடக்கினார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"உங்க பூமிக்கு அவங்க வந்தப்ப, உங்க சர்வேயருக்கு இந்த விதியை யாரும் சொல்லலையா?"

வேள்நம்பி திரும்பிப் பார்த்தார். "அவனுக்கு விதி தெரியும்மா. படிச்சுப் பாத்தான். எங்க ஊரைக் காலின்னு எழுதினதே நான்தான்."